முதுகு, மூட்டு வலிக்குக் கை வைத்தியம்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

ஈசூன்வாசி:
கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை. இடுப்பு பிடித்துக்கொண்டால் என்ன பாடு என்று இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. நண்பர் காட்டிய ஓர் இடத்துக்குப் போனேன். எண்ணெய் தேய்த்தார். பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் பிடித்து ஒரே திருகு. ‘டக்’ என்று சத்தம். "எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது" என்றார். எழுந்தபோது வலி பாதிதான் இருந்தது. அந்தச் சத்தத்தைப் பற்றியே வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் காலணி நாடாவைக் கட்டக் குனிய முடியவில்லை. பள்ளிக்குக் கிளம்பி நின்ற மகன், பையைத் தோளிலிருந்து இறக்காமலே மண்டியிட்டுக் கட்டிவிட்டான்.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கடிதம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். இயன்முறை மருத்துவர் என் மகள் வயதுப் பெண். கால் மணி நேரம் என்னைத் தொடவே இல்லை. கேள்வி மேல் கேள்வி. "சிறுநீர் கழிக்கச் சிரமம் உண்டா? உட்காரும் இடத்தில், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போகிறதா?" பக்கத்தில் மனைவி. கூச்சத்தில், "இதெல்லாம் எதற்கு அம்மா?" என்றேன். முதுகெலும்பின் அடிப்பகுதியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்கினால் இப்படித்தான் தெரியும், அப்படி இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்றார். நல்ல வேளை, எனக்கு அது இல்லை. ஆனால் என்னைத் திருகியவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு அது இருந்திருந்தால்? தூக்கம் வராத இரவுகளில் அந்த ‘டக்’ இன்னும் காதில் விழுகிறது.

தோபாயோ அக்கா:
எனக்கு உறைந்த தோள்; தோள் மூட்டு இறுகிக் கையைத் தூக்க முடியாமல் போய்விடும். சர்க்கரை இருப்பவர்களைத் தேடி வரும் நோய் அது. எட்டு மாதம் ரவிக்கைக் கொக்கியை மகள்தான் மாட்டிவிட்டாள். வலிக்க வலிக்க இழுத்தால்தான் இளகும் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னதை நம்பி, தினமும் கையை இழுத்துவிடச் சொல்லி அழுதிருக்கிறேன்.

சிகிச்சைக்குப் போன இடத்தில் இயன்முறை மருத்துவரான ஒரு தம்பி என் மேற்கை எலும்பின் தலையை உள்ளங்கையால் மெல்லப் பின்னால் தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டார். "இப்போது நீங்களே தூக்குங்கள் ஆன்ட்டி. வலித்தால் சொல்லுங்கள், வலிக்கவே கூடாது" என்றார். தூக்கினேன். என் விரல் தோட்டைத் தொட்டது! நியூசிலாந்துக்காரர் பிரையன் மல்லிகன் வகுத்த முறையாம் அது: அவர் மூட்டை நகர்த்திப் பிடிப்பார், நாம் அசைக்க வேண்டும். அவர் கையை எடுத்ததும் என் கை பழையபடி இறங்கிவிட்டது. முழுதாகச் சரியாக ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஆனாலும் வலியில்லாமல் தோட்டைத் தொட்ட அந்த நொடி! அதற்கு முன் வீணாக அழுத எட்டு மாதத்தை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

ஜூரோங் தொழிலாளி:
ஈசூன் அண்ணன் எழுதியதைப் படித்தால், எண்ணெய் போட்டு நீவுகிறவர்கள் எல்லாருமே ஒன்றும் தெரியாதவர்கள் என்றாகிறது. ஒப்புக்கொள்ள மாட்டேன். சித்த மருத்துவத்தில் நீவிவிடுவதற்கென்றே தொக்கணம் என்று தனிக் கலையே இருக்கிறது. எங்கள் விடுதியில் சிவகங்கைக்காரர் ஒருவர் இருந்தார், பாட்டனாரிடம் பழகியவர். கழுத்து திரும்பாமல் போய் அவர்முன் உட்கார்ந்தேன். கழுத்தையும் தோளையும் தடவிப் பார்த்தார். "கை மரத்துப்போகிறதா?" என்றார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரக்கின்றன என்றேன். தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். என் பிடி தளர்ந்திருந்தது. உடனே எண்ணெய்ப் புட்டியை மூடிவிட்டார். "தம்பி, இது நான் தொடுகிற விஷயமில்லை. நாளைக்கே மருத்துவரிடம் போ." ஸ்கேனில், கழுத்தெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அந்தப் புட்டியை மூடிய கையை நான் மறக்க மாட்டேன். யாரைக் குறை சொல்வது என்று பார்த்துச் சொல்லுங்கள், அண்ணே.

செங்காங் அம்மா:
என் மாமியாருக்கு 74 வயது. எலும்பு அடர்த்தி குறைந்தவர் என்று தெரியாமல் ஒருவர் முதுகை ஓங்கி அழுத்தியதில், முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கிவிட்டது. வலியில் "அம்மா" என்றுகூடக் கத்தவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்தார். அவ்வளவுதான் என் கதை.

ஆகவே சொல்கிறேன். வயதானவர்களை அழைத்துப் போனால் எலும்பு அடர்த்தி குறைவு, புற்றுநோய், இரத்தம் நீர்க்கும் மாத்திரை, ஸ்டீராய்டு எதையும் மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அடுத்தது அந்தச் சத்தம். எலும்பு விலகியிருந்து மீண்டும் உட்காரும் சத்தம் இல்லை அது. 2015இல் கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில், விரல் மூட்டை இழுத்துச் சொடுக்கும்போதே எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். மூட்டுக்குள் இருக்கும் நீரில் சட்டென்று வாயுக் குழி ஒன்று உண்டானது. சத்தம் வந்ததால் குணமாகிவிட்டது என்றோ, வராததால் சிகிச்சை வீண் என்றோ எண்ண வேண்டாம். இங்கே சிங்கப்பூரில் இயன்முறை மருத்துவர்கள் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பெயரை இணையத்திலேயே தேடிச் சரிபார்க்கலாம். கையால் செய்யும் சிகிச்சையின் சுகம் பெரும்பாலும் சில நாள்தான். அந்த இடைவெளியில் அவர்கள் கற்றுக்கொடுத்த பயிற்சியைச் செய்யாவிட்டால் பழைய கதைதான். என் மாமியார் இப்போது சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு காலையில் பத்து முறை உட்கார்ந்து எழுகிறார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

ஈசூன்வாசி:
ஜூரோங் தம்பி, நீங்கள் சொன்ன சிவகங்கைக்காரரைப் போன்றவரிடம் நான் போயிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். எண்ணெயை நான் குறை சொல்லவில்லை. முதலில் எழுதாமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மகன் நாடாவைக் கட்டிவிட்ட அன்று மாலை, இன்னொரு முறை திருகினால் சரியாகிவிடும் என்று 50 வெள்ளியோடு அதே வாசலில் போய் நின்றேன். கடை சாத்தியிருந்தது.