இயேசுவின் உயிர்த்தெழுதலை ஏன் நம்புகிறாய் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? உங்கள் அனுபவம்

பத்திரக்காரன்:
சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் கடை. நானும் அண்ணாச்சியும். ஈஸ்டருக்கு மறுநாள் கேக் கொண்டுபோனேன். தின்றுகொண்டே, "செத்தவரு எழுந்தாருன்னு நெசமாவே நம்புதியாடே?" என்றார். வம்புக்குக் கேட்கவில்லை. நான்தான் சும்மா இருக்காமல், எழுந்தவரை 500 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் பார்த்ததாக அப்போஸ்தலர் பவுல் பைபிளில் உள்ள தன் கடிதத்தில் எழுதியிருக்கிறாரே என்றேன்.

கெட்டுப்போன நகல் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பேனா மூடியைக் கழற்றி, 'சாட்சிகள்' என்று எழுதினார். கீழே 1, 2. "ஐநூறு எதுக்குடே, நமக்கு ரெண்டு பேரு போதும். பேரு, தகப்பனார் பேரு, ஊரு சொல்லு." பேனா முனை தாளைத் தொட்டபடி நிற்கிறது. மைப்புள்ளி பெரிதாகிக்கொண்டே போகிறது. ஒரு பேரும் வாயில் வரவில்லை. ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டிக்குப் பரிசு வாங்கியவன் நான்.

கடலோரத்தாள்:
எனக்கு இதற்கான பதில் அம்மாவால் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எல்லைக்கல்லை ராத்திரியில் நகர்த்தியதை அம்மா கண்ணால் பார்த்தார். ஊர்க்கூட்டத்தில் சொன்னபோது, "ஆம்பளையாளு யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். அதோடு முடிந்தது.

அந்த வருடம் பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவுப் பூசையில், லூக்கா வாசகம். கல்லறைக்குப் போய் வந்த பெண்கள் சொன்னதைச் சீடர்கள் வெறும் பிதற்றல் என்று தள்ளிய இடம் வந்ததும் அம்மா என் விலாவில் ஓர் இடி இடித்தார். கையிலிருந்த மெழுகுவத்தி சாய்ந்து மணிக்கட்டில் சொட்டியது. அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேபஸே, பெண்களின் சாட்சியத்தை ஏற்கக்கூடாது என்று எழுதியிருக்கிறார். கதை கட்டுகிறவன், அந்தப் பெண்களில் ஒருவரான மகதலேனா மரியாளையா முதல் சாட்சியாக நிறுத்துவான்? எனக்கு இது ஒன்று போதும்.

பழைய வாத்தியார்:
பத்திரக்காரன் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். 500-ஐ முதலில் எடுத்ததே தப்பு. நாலு சுவிசேஷத்திலும் அந்தக் கூட்டம் இல்லை. பவுலின் அதே கடிதத்தில், 1 கொரிந்தியர் 15-இல், பெயரோடு ஆள் இருக்கும்போது பெயரில்லாத கூட்டத்தை ஏன் இழுக்கிறீர்கள்? 500-க்கு முன்னால் கேபா (பேதுருதான்), பின்னால் யாக்கோபு. கடிதம் ஏறக்குறைய கி.பி. 55. அதிலும் பவுல், 'நான் பெற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்குக் கொடுத்தேன்' என்கிற மாதிரி சொல்கிறார். ஆக, செய்தி கடிதத்தைவிடப் பழையது. இந்த இரண்டு பேரையும் அவர் எருசலேமில் நேரில் பார்த்திருக்கிறார், அவருடைய இன்னொரு கடிதமான கலாத்தியர் முதல் அதிகாரம் பாருங்கள்.

யாக்கோபை விடாதீர்கள். இயேசுவின் சகோதரர் (கத்தோலிக்கர்கள் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் சொல்வார்கள், அந்தச் சண்டை இங்கே வேண்டாம்). சகோதரர்களே அவரை நம்பவில்லை என்று யோவான் 7 சொல்கிறது. அப்படிப்பட்டவர் பிறகு எருசலேம் சபைக்கே தலைவர். கி.பி. 62-இல் கல்லெறிந்து கொன்றார்கள். எழுதிவைத்தவர் மேலே சொன்ன யோசேபஸ், நம் ஆள் இல்லை. எது அவரை மாற்றியது, எதற்காக உயிரைக் கொடுத்தார் என்று உங்கள் அண்ணாச்சியைக் கேளுங்கள்.

இன்னொன்று. மாற்கு 16-இல், உயிர்த்தெழுந்தவர் காட்சி தருவதைச் சொல்லும் 9 முதல் 20 வரை உள்ள வசனங்கள், மிகப் பழைய பைபிள் கையெழுத்துப் பிரதிகளான சீனாய்ப் படி, வத்திக்கான் படி இரண்டிலும் கிடையாது. யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ளுங்கள். ரயிலில் ஒருவரிடம் நான் மழுப்பினேன். அவர் கைப்பேசியில் அந்தப் பக்கத்தையே எடுத்து நீட்டினார். விழுப்புரத்திலிருந்து எழும்பூர் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மலைப்படி:
வாத்தியார் ஐயா, உயிரைக் கொடுத்தால் உண்மையாகிவிடுமா? எதற்கெல்லாமோ மனிதர்கள் சாகிறார்கள். அவர் மனதார நம்பினார் என்பது வரைக்கும்தான் அது வரும்.

என் கதை சின்னது. நண்பன், சனிக்கிழமை தவறாத ஆஞ்சநேய பக்தன். அவனைச் சென்னைப் பரங்கிமலைக்குக் கூட்டிப்போனேன். கி.பி. 52-இல் இயேசுவின் சீடர் தோமா இந்தியாவுக்கு வந்தார், இங்கேதான் அவரைக் கொன்றார்கள் என்ற மரபையெல்லாம் சொல்லிக்கொண்டே ஏறினோம். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தில் விரல் விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர் இவர்தான் என்றேன். மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்தவன், "அவரே கேட்டிருக்காரா? அப்ப நானும் அவர் கட்சிதாண்டா" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினான். தலைக்கு மேலே விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. கிண்டலா, நெசமா என்று இன்றுவரை கேட்கவில்லை.

பத்திரக்காரன்:
வாத்தியார் ஐயா சொன்னபடியே செய்தேன். அந்தத் தாள் அண்ணாச்சி மேசைக் கண்ணாடிக்கு அடியில் அப்படியே இருந்தது. 1. கேபா, 2. யாக்கோபு என்று எழுதிக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் உன் தரப்பு ஆளால்லா இருக்கு?" என்றார். "ரெண்டாமவரு மொதல்ல எதிர்த்தரப்பு அண்ணாச்சி" என்றேன்.

ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ரெண்டு டீ சொன்னார்.