புதுப்பிப்பு: டூசான் கள்ளி கிடைத்தது!

அரிசோனாவில், டூசான் பக்கம், இரவில் பூக்கும் பாலைவனக் கள்ளியை எங்கே தேடலாம் என்று முன்பு கேட்டிருந்தேனே, பார்த்தாச்சு! கிரியோசோட் என்ற பாலைவனப் புதருக்குள் காய்ந்த சுள்ளி மாதிரி நிற்கிறது. மொட்டு மட்டும் இல்லையென்றால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. ஜூன் கடைசி, இருட்டியதும் விரிய ஆரம்பித்தது. உள்ளங்கை அகல வெள்ளைப் பூ, நீளமான குழல். வாசனை? சில அடி தள்ளியே ஆளைத் தூக்குகிறது. வெயில் ஏறியதும் வாடிவிட்டது.

“நம்ம பிரம்மகமலமா?” என்றவர்களுக்கு: இல்லை. அது மரத்தில் தொற்றி வளர்வது. இது மண்ணுக்கடியில் பெரிய கிழங்கில் தண்ணீரைச் சேர்த்துவைக்கும். அந்தக் கிழங்குக்காகவே தோண்டிப்போகிறவர்கள் உண்டு. அதனால் இடத்தை மட்டும் கேட்காதீர்கள், ப்ளீஸ்.