கொல்லிமலை 70 வளைவுகள்: சைக்கிளில் ஏறியவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பொங்கல் விடுமுறையில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் சைக்கிளில் ஏற ஆசை. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறிய பழக்கம் உண்டு, ஆனால் அங்கே 20 வளைவுகள்தான்.

கியர்தான் பெரிய கேள்வி. என் வண்டியில் முன்னால் சின்னச் சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28. நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம் வரும். ஏற்றத்தில் அந்த வேகத்தைப் பிடிக்க முடியாவிட்டால் மிதி கனத்து முழங்கால் வலி எடுத்துவிடும். பின்னால் 34 பல் மாட்டினால் அதே மிதிக்கு ஏழரைதான், மூச்சு விடலாம். அந்தச் செலவு அவசியமா? நீங்கள் எந்தக் கியரில் ஏறினீர்கள்?

அப்புறம், நடுவழியில் தண்ணீர் கிடைக்குமா? வளைவில் பேருந்து திரும்ப முழுச் சாலையும் வேண்டும், அதனால் விடியும்போதே கிளம்ப நினைக்கிறேன். முதல் பேருந்து எத்தனை மணிக்கு?

இறக்கம்தான் உண்மையில் பயம். ரிம் பிரேக் வண்டி, அதாவது பிரேக் கட்டை சக்கரத்தின் விளிம்பையே (ரிம்) பிடிக்கும். விடாமல் பிடித்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும் என்பதால், வளைவுக்கு முன் அழுத்திவிட்டு இடையில் விடுவதுதான் என் வழக்கம். இவ்வளவு நெருக்கமான வளைவுகளில் அது போதுமா, அல்லது நின்று நின்று ஆறவிட வேண்டுமா? இறங்கிய அனுபவம் உள்ளவர்கள் அவசியம் சொல்லுங்கள்.