பொருள்: கெட்ட கோரிக்கையைத் தடுக்கும் மாட்யூலுக்குத் தமிழில் என்ன?

தருமபுரி, பாலிடெக்னிக் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். வலை வழங்கிப் பாடத்தின் தமிழ்க் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் இடறுகிறது. அப்பாச்சி என்ற வலை வழங்கி (சர்வர்) மென்பொருளில் நாமே ஒரு மாட்யூல், அதாவது கூடுதல் நிரல்பகுதி, எழுதிச் சேர்த்தால், பக்கத்தை உருவாக்கும் நிரலுக்குப் போகும் முன்பே அது உலாவி அனுப்பும் கோரிக்கையைப் பார்த்துவிடும். தேடல் பெட்டியில் எஸ்கியூஎல் (தரவுத்தள மொழி) கட்டளையைத் திணித்திருந்தால் 403, அதாவது 'அனுமதி இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பும். 2002இல் வந்த மாட்செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு மென்பொருளும் அப்பாச்சி மாட்யூலாகத்தான் தொடங்கியது. 'கோரிக்கை வடிகட்டி' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

அரூர், தமிழாசிரியர்:
வேண்டாம் அம்மா. சோறு வடித்தால் வேண்டியது நிற்கும், தேநீர் வடித்தால் வேண்டாதது நிற்கும். எது நிற்கிறது என்று 'வடி' சொல்லாது. நன்னூலில் கடைமாணாக்கருக்கு உவமையாக நெய்யரி வருகிறதே! நெய்யை விட்டுக் கசடைப் பிடிப்பது மாணவனுக்குக் குறை. வழங்கிக்கு அதுவே வேலை. எனவே 'கோரிக்கையரி'. அரிப்பு, அரிதட்டு எல்லாம் இந்த வேர்தான். அரிசியும் இதில் பிறந்தது என்பேன்.

ஓசூர், வழங்கி நிர்வாகி:
ஐயா, செல்லரித்தது போல, கோரிக்கையைத் தின்னும் ஏதோ என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். வடிகட்டி எல்லோருக்கும் புரியும். சொல்லைவிட முக்கியமானது ஒன்று கையேட்டில் இல்லை. முகவரியில் 'அ' என்ற ஓரெழுத்து விழுக்காட்டுக் குறிகளோடு (%E0%AE%85) 9 குறிகளாகப் போகிறது. ஆங்கில எழுத்தை மட்டும் அனுமதிக்கும் விதியோ, விழுக்காட்டுக் குறியைக் கண்டாலே மறுக்கும் விதியோ எழுதினால் தமிழ் முகவரி முழுக்க அடைபட்டுவிடும். மாணவர்கள் முதலில் செய்யும் பிழை இதுதான். தயவுசெய்து சேருங்கள்.

கிருஷ்ணகிரி, மொழிபெயர்ப்பாளர்:
நம் பக்கத்து நடுகற்களில் பல ஆநிரைப் பூசலில் இறந்தவர்களுக்கானவை. 'கரந்தை' என்ற புறத்திணைப் பெயரை வைத்தால் என்ன?

அரூர்:
கரந்தை, பகைவர் கொண்டுபோன ஆநிரையை மீட்பது. உள்ளேயிருந்து மதில் காப்பது நொச்சி.

கிருஷ்ணகிரி:
அப்படியானால் 'நொச்சி'யே இருக்கட்டும். தகடூரிலிருந்து (தருமபுரியின் பழைய பெயர்) வரும் கையேட்டுக்குப் பொருத்தம்.

அரூர்:
தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையை மறந்துவிட்டீர்களே! இங்கே மதில் விழுந்தது. காவலுக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

தருமபுரி:
சரி, நான்கு பேர் தனிமடலிலும் வடிகட்டி என்றே சொல்கிறார்கள். அதையே அனுப்புகிறேன். தமிழ் முகவரி பற்றி ஒரு பத்தி சேர்த்துவிட்டேன்.

அரூர்:
அச்சாகட்டும். ஆனாலும் நெய்யரியை நான் விடவில்லை. அப்புறம், மாட்யூலுக்குத் 'தொகுதி' என்று போட்டிருக்கிறீர்கள். பாப்பிரெட்டிப்பட்டித் தொகுதி என்றல்லவா படிப்பார்கள்? 'கூறு' என்று மாற்ற இன்று இரவு வரை நேரம் இருக்கிறது.