உதயகிரிக் கோட்டைக்குள்ள பட்டாளம் கெடந்த எடம்: ஓர்மை உள்ளவங்க சொல்லுங்க

புலியூர்க்குறிச்சிக்காரன்:

மக்களே, ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சது. தக்கலை பக்கத்துல உள்ள நம்ம உதயகிரிக் கோட்டைக்குள்ள பட்டாளக்காரனுவ தங்கின பாராக்ஸ் எங்க இருந்துச்சு? ராஜா பட்டாளத்துக்கு தளபதியா இருந்த வெள்ளக்காரன் டிலனாய் சமாதி எல்லாருக்கும் தெரியும், பீரங்கி வார்த்த உலை எங்கன்னு கேட்டாலும் கை காட்டிருவாவ, ஆனா இத்தன பேரு ராவு படுத்து உறங்கின எடம் எங்கன்னு கேட்டா ஒருத்தனுக்கும் பேச்சு வராது.

எங்க பாட்டா ஒரு எடத்த "பட்டாளத்து லைன்"னு சொல்லுவாரு. 82, 83ல எனக்கு எட்டு ஒம்போது வயசு இருக்கும், அவருகூட ஆடு மேய்க்கப் போவேன், அப்பல்லாம் உள்ள ஒரே காடு, மதிலுக்கும் நடுவுல இருக்க குன்னுக்கும் இடையில கொஞ்சம் சமநெலமா கெடக்கும், அங்க நின்னுகிட்டு கம்பால மண்ணக் கிண்டுவாரு, வரிசையா கல்லு தட்டும். "இதுலதாம்லே படுத்தானுவ"ன்னு சொல்லுவாரு. யாரு படுத்தான்னு கேட்டா "சாய்ப்புமாரு பட்டாளம்"பாரு, வெள்ளக்காரனத்தான் அப்படி சொல்லுவாரு. அவருக்கு அவரு பாட்டா சொன்னது. அதுக்கு மேல ஒண்ணும் கெடைக்காது, ஆட்டப் பாருலேன்னு வெரட்டிருவாரு.

இன்னொண்ணு. எங்க வீட்டு கெணத்தங்கரையில துணி தொவைக்கிற கல்லு ஒண்ணு கெடக்கு. பெரிய கல்லு, நாலு ஆளு வேணும் பொரட்ட. மேல்பக்கம் நல்லா கொத்தி வழவழப்பா ஆக்கினது, ஒரு ஓரத்துல ரெண்டு விரல் ஆழத்துக்கு உருண்டையா ஒரு குழி. அது பட்டாளத்து லைன்ல இருந்து வந்த கல்லுன்னு வீட்டுல சொல்லிக்கிடுவாவ. உண்மையா பொய்யான்னு தெரியணும். உங்க வீட்டுல உள்ள பெரியவங்க சொன்னது, நீங்க உள்ள போனப்ப கண்டது, எதுன்னாலும் எழுதுங்க.

———

திங்கள்சந்தை ரிட்டயர்டு:

தம்பி நல்ல கேள்வி கேட்டிய. நான் மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல 22 வருஷம். எங்க 9வது பட்டாலியன் பழைய திருவிதாங்கூர் பட்டாளத்துல இருந்து வந்தது, அதனால ஜூலை 31ஐ குளச்சல் நாள்னு யூனிட்ல கொண்டாடுவோம். புத்தகத்துல அந்த குளச்சல் சண்ட 1741 ஆகஸ்ட் 10ன்னு கெடக்கும், தேதியில ஒரு பஞ்சாயத்து, அத விடுங்க. பஞ்சாப்காரன் பீகார்காரன் நடுவுல நின்னு "டச்சுக்காரன தோக்கடிச்ச சண்ட எங்க வீட்டுல இருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்துல நடந்தது"ன்னு சொல்லும்போது நெஞ்சு ஒரு ரெண்டு இஞ்சு கூடும், அது வேற கதை.

லீவுல வந்தப்ப ஒருதடவ கோட்டைக்குள்ள போனேன், 96ஆ 97ஆ தெரியேல்ல. பட்டாளக்காரன் கண்ணு வேறயாக்கும். எல்லாரும் சமாதியப் பாக்கான், நான் தண்ணி எங்க இருக்குன்னு பாத்தேன். பாராக்ஸ்னா ஓட்டுக் கூரை, நீட்டமா ஹால், கட்டிலோ பாயோ, டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான். கூரை போயிரும், உத்தரத்த எவனாவது தூக்கிட்டுப் போயிருவான், ஆனா நூறு ஆளு ஒரு எடத்துல இருந்தா லங்கர், அதான் பட்டாளத்து சமையக்கட்டு, வேணும், கக்கூஸ் வேணும், குளிக்க எடம் வேணும், கவாத்துக்கு மைதானம் வேணும். லங்கர் இருந்த எடத்துல மண்ணு கறுத்துக் கெடக்கும். கெணறு மட்டும் போவாது, தூர்ந்தாலும் குழி தெரியும். அதனால கல்ல வச்சித் தேடாதிய, கெணத்த வச்சித் தேடுங்க, பாட்டா காட்டின எடத்துக்கு பக்கத்துல கெணறு உண்டா சொல்லுங்க.

———

தக்கலை ஆச்சி பேத்தி:

நான் பிறந்தது தக்கலை, இப்ப கட்டிக்குடுத்தது மார்த்தாண்டம். எங்க ஆச்சி வெறகு பொறுக்க கோட்டைக்குள்ள போவா, கூட நானும். கொல்லாம்பழம் சீசன்ல போனா கை வாய் எல்லாம் கறை. ஆச்சி ஒரு எடம் வந்தா மட்டும் சத்தம் போடக்கூடாதும்பா, அங்க துரை நடப்பாராம், உச்சிப்பொழுதுலயும் அந்தி மயங்கின பொறவும் பூட்ஸ் சத்தம் கேக்குமாம். நான் கேட்டிருக்கேன். சத்தியமா. பத்து வயசு இருக்கும், ஆச்சி அந்தப் பக்கம் கெட்டு கெட்டிக்கிட்டு இருக்கா, நான் தனியா நிக்கேன், சருகுமேல சரக் சரக்குன்னு ஒரே தாளத்துல யாரோ நடந்து வாற சத்தம், நிக்கும், பொறவும் வரும், எனக்கு காலு ரெண்டும் வெலவெலத்துப் போச்சு, கத்தவும் வரல்ல. கடைசில பொதருக்குள்ள இருந்து என்ன வந்துதுன்னு நெனக்கிறிய, ஒரு கீரி! பின்னால ரெண்டு குட்டி! ஆச்சிகிட்ட சொன்னா "துரை கீரி வேஷத்துலயும் வருவாருடி"ங்கா.

சிரிக்காதிய. இப்பவும் சருகுமேல யாராவது நடந்தா எனக்கு முதுகு சிலுக்கும். ஆனா ஒண்ணு கேக்கேன், ஆச்சி சத்தம் போடாதன்னு சொன்ன எடமும் குன்னுக்கும் மதிலுக்கும் நடுவுல உள்ள சமநெலந்தான். அங்க கெணறும் உண்டு, ஆனா எட்டிப் பாக்க விட்டதில்ல.

———

பத்மநாபபுரம் வாத்தியார்:

எல்லாரும் நல்லா எழுதுறீங்க, ஆனா மூணு காலத்தப் போட்டு ஒரே சட்டியில கிண்டுறீங்க, அதுதான் எனக்குத் தாங்கல. கொஞ்சம் பிரிச்சு சொல்றேன்.

முதல்ல அங்க இருந்தது மண்கோட்டை. குளச்சல் சண்டைக்கு அப்புறம்தான் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா காலத்துல 1741க்கும் 44க்கும் இடையில கல்லால எடுத்துக் கட்டினாங்க, கட்டுனதுக்குப் பொறுப்பு சண்டையில பிடிபட்ட டிலனாய். உள்ள 90 ஏக்கர் பக்கம், நடுவுல உள்ள குன்னு ஒரு 260 அடி. அந்தாளு டச்சுக் கம்பெனிக்காக சண்டை போட வந்து இங்க ராஜாவுக்கு 37 வருஷம் வேலை பாத்தாரு, நம்ம ஆளுங்களுக்கு ஐரோப்பா முறையில கவாத்து சொல்லிக்குடுத்தாரு, பெயரே வலிய கப்பித்தான், அதாவது பெரிய கேப்டன்னு ஆயிருச்சு. 1777 ஜூன் 1ல இறந்தாரு, கல்லறையில லத்தீன்லயும் தமிழ்லயும் எழுதியிருக்கு. லத்தீன் எழுத்து "வழிப்போக்கா, நில்லு"ன்னு ஆரம்பிக்கும். எனக்கு அந்த ஆரம்பம் ரொம்பப் பிடிக்கும், நிக்கத்தான் தோணும்.

அது ஒரு காலம். உங்க பாட்டா சொன்ன சாய்ப்புமாரு பட்டாளம் அநேகமா இது இல்ல. 1809ல திருவிதாங்கூர் திவானா இருந்த வேலுத்தம்பி தளவாய், நம்ம தலக்குளத்துக்காரருதான், இங்கிலீஷ் கம்பெனிக்காரனுக்கு எதிரா எழும்பினாரு. பிப்ரவரி 10ஆம் தேதி அந்தக் கம்பெனியோட கர்னல் செயின்ட் லெஜர் ஆரல்வாய்மொழி மதிலத் தாண்டி உள்ள வந்துட்டான், அப்புறம் உதயகிரியும் பத்மநாபபுரமும் அவன் கைக்குப் போச்சு. அதுக்குப் பிறகு கம்பெனிப் படை கோட்டைக்குள்ள வந்து இருந்துச்சு, 19ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி வரைக்கும். பாட்டாவோட பாட்டா காலம்னு கணக்குப் போட்டா சரியா இங்கதான் வந்து நிக்குது. அப்ப ராஜா கட்டுன கோட்டைக்குள்ள ராஜாவையே கண்காணிக்க ஒரு படை. நம்ம ஊருக்காரங்க இத ஏன் அதிகம் பேசறதில்லன்னு புரியுதா? ஜெயிச்ச கதையில சொல்ல ஆள் இருக்கு, தோத்த கதையில பாயச் சுருட்டி வச்சிருவோம்.

கல்லு விஷயம்: தக்கலை சுத்துவட்டாரத்துல கொத்தின கல்லு எங்க கெடந்தாலும் கோட்டைக்கல்லுன்னுதான் சொல்லுவாங்க. எங்க தெருவுல ஒருத்தரு மாட்டுத்தொட்டியக்கூட டிலனாய் குளிச்ச தொட்டின்னு சொல்லிட்டுத் திரிஞ்சாரு.

———

ஆரல்வாய்மொழி காத்து:

வாத்தியாரே மதில் பேச்ச எடுத்ததால சொல்றேன். எங்க ஊருல பட்டாளம் நின்ன எடம் இன்னும் மோசம், உங்களுக்காவது கோட்டை உண்டு, எங்களுக்கு அங்கங்க கொஞ்சம் மேடும் கல்லும்தான். ஒருபக்கம் மலை மறுபக்கம் மலை, நடுவுல கணவாய், அதுல குறுக்க மதில் கட்டி பட்டாளத்த நிப்பாட்டி வச்சிருந்தாங்க, திருவிதாங்கூருக்கு கெழக்கு வாசல் அது. இப்ப அதே வாசல்ல கரண்டு எடுக்கிற முப்பந்தல் காத்தாடி சுத்துது. ஆடி மாசம் அடிக்கிற காத்துல அந்தக் காலத்துக் காவக்காரன் எப்படி நின்னானோ, நான் பைக்கையே நேரா ஓட்ட முடியாம தவிக்கேன்.

எங்க சித்தி தேவசகாயம்பிள்ளைய வேண்டிக்கிட்டு காற்றாடிமலைக்கு நடப்பா. அவரும் டிலனாய்கிட்ட கோட்டை வேலையில இருந்தவருதான், 1745ல ஞானஸ்நானம் வாங்கினாரு, 1752 ஜனவரி 14ல எங்க மலையிலதான் சுட்டுக் கொன்னாங்க. 2022 மே மாசம் புனிதர் பட்டம் குடுத்தப்ப ஊரே வெடி போட்டுச்சு. உங்க புலியூர்க்குறிச்சியில அவரு முட்டியால இடிச்சு தண்ணி வந்ததா சொல்ற முட்டிடிச்சான் பாறை இருக்குல்லா, சித்தி அங்கயும் கூட்டிட்டுப் போனா, பாறையில தண்ணி குடிச்சிட்டு அப்படியே கோட்டை பாக்கப் போனோம். சித்தி மதிலத் தொட்டு நின்னு "இந்தக் கல்லு அவரு கைபட்ட கல்லா இருக்கும்"னா. சுட்டவனும் ஒரு பட்டாளக்காரன்தானே சித்தின்னு கேட்டேன், "அவனும் எங்கயோ பாயப் போட்டு படுத்திருப்பான் பாவம், உறக்கம் வந்திருக்குமா"ன்னா. இந்த திரெட்டப் படிச்சதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு.

———

வில்லுக்குறி அம்மா:

நான் வரலாறு ஒண்ணும் படிக்கல. போன மே மாசம் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போனேன், இப்ப உள்ள வனத்துறை பூங்காதானே, மான் இருக்கு, மரத்துமேல குடில், மூலிகைச்செடி, ஊஞ்சல். சின்னவன் யுகேஜி. சமாதியப் பாத்துட்டு வந்து கேட்டான், "அம்மா, செத்தவங்க இங்க படுத்திருக்காங்க, சாகாதவங்க எங்க படுத்தாங்க?" எனக்கு பதிலே வரல. மான் இருக்க பக்கம் கைய காட்டிட்டேன். அதுக்கு அப்புறம் அவன் மானப் பாத்தாலே சல்யூட் அடிக்கான். இங்க யாராச்சும் சரியான எடத்த சொன்னா திருத்திக்கலாம்.

———

மேட்டுக்கடை ஆசாரி:

புலியூர்க்குறிச்சி தம்பி, கல்லு போட்டோ அனுப்பிச்சியள்லா, பாத்தேன். எங்க குடும்பம் தச்சுவேலைதான், பழைய வீடு பிரிக்கிற வேலை ஒரு பாடு பாத்தாச்சு. அந்தக் குழி தண்ணி நிக்கவோ விளக்கு வைக்கவோ கொத்தினது இல்ல. அது குடுமிக்குழி. நம்ம பழைய கதவுக்கு கீல் கெடையாது, கதவுப் பலகையிலயே மேலயும் கீழயும் குடுமி விட்டு குழியில எறக்கி நிப்பாட்டுவோம், அப்பதான் திருகும். குழிக்குள்ள விரலு விட்டுப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் கூடுதல் வழுவழுப்பா இருந்தா கதவு ரொம்ப வருஷம் ஆடியிருக்குன்னு அர்த்தம்.

கம்பெனிக்காரன் பாராக்ஸ் கட்டியிருந்தா இரும்புக் கீல்தான் போட்டிருப்பான்னு எனக்குத் தோணுது. குடுமி நம்ம ஊரு வேலை. அப்படின்னா ஒண்ணு அது ராஜா காலத்து பட்டாளம் இருந்த கட்டடம், பொறவு வந்தவன் அதுலயே குடியேறியிருப்பான், புதுசா கெட்டுறதுக்கு அவனுக்கு என்ன பிராந்தா. இல்லன்னா உங்க வீட்டுலயே பழைய வாசப்படிக் கல்லா இருந்து யாரோ பொரட்டி கெணத்தங்கரையில போட்டிருப்பாவ. ரெண்டுல எதுன்னு கல்லுதான் சொல்லணும், நான் சொல்லமாட்டேன்.

———

புலியூர்க்குறிச்சிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி மக்களே. ஞாயிறு ரெண்டு வேலை பாத்தேன். காலைல டிக்கெட் எடுத்து கோட்டைக்குள்ள போனேன், 30 வருஷத்துக்கு மேல ஆச்சு அந்தப் பக்கம் போயி. பாட்டா நின்ன எடம்னு நான் நெனச்சது வேலிக்கு அந்தப் பக்கம், மான் மேயுது. வில்லுக்குறி அம்மா, உங்க பையன் சொன்னதுதான் கரெக்டு போல, சல்யூட்ட நிறுத்தச் சொல்லாதிய. கெணறு ஒண்ணு பாத்தேன், தக்கலை ஆச்சி பேத்தி சொன்ன அதே கெணறான்னு சொல்லத் தெரியல்ல, மேல கம்பி வல போட்டிருக்கு. மண்ணு கறுத்திருக்கான்னு குனிஞ்சு பாத்தேன், மானுப் புழுக்கைதான் கெடந்துச்சு.

சாயங்காலம் வீட்டுக் கல்லுல சோப்பு அழுக்க சொரண்டி எடுத்துட்டு விரலு விட்டேன். ஆசாரி சொன்ன மாதிரியே ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. அப்ப கதவு ஆடியிருக்கு. எந்தக் கதவுன்னு மட்டும் தெரியேல்ல. எங்க மாமிகிட்ட இத எடுத்து உள்ள பத்திரமா வைப்போமா, 200, 250 வருஷப் பழசா இருக்கலாம்னு சொன்னேன். மாமி வாளியத் தூக்கிட்டு வந்துட்டா. "பட்டாளக்காரன் வாசல்னா வாசலாட்டே இருக்கட்டு, நான் இந்தச் சாரத்த எங்க போட்டு அடிப்பேன்? சோப்பு நழுவாம வைக்க அந்தக் குழிதான் தோது, தள்ளி நில்லு"ன்னா. தள்ளி நின்னுட்டேன்.