கிடாய் தொங்கவிட்டு உரிக்க நிரந்தரமான ஸ்ராண்ட்: குழாயா, பாலை மரமா?

கனகராயன்கரை (கேள்வி):
மாங்குளம் (இலங்கை, வன்னி) பக்கம் வளவு. செம்மண் கிரவல், மாரியில் ஊறி இளகும். சாதாரண மாதத்தில் இரண்டு கிடாய், தீபாவளி, வருசப்பிறப்பு எண்டால் ஒரே காலையில் நாலைஞ்சு பங்குக்கு விழும். இப்ப வேப்பங்கொப்பில்தான் தொங்குது. பட்டைத்தூளும் முசுறும் இறைச்சியில் கொட்டுது, கீழே சேறு.

வெளிநாட்டில் மான் வேட்டைக்காரர் வளவில் நட்டு வைக்கிற ஸ்ராண்ட் மாதிரி ஒன்று போட யோசனை: இரண்டு கால், மேலே குறுக்குக் குழாய், ஏற்றி இறக்கக் கப்பி. பதினைஞ்சு வருசம் நிற்க வேணும். ஜி.ஐ. குழாய் (நாகம், அதாவது சிங்க், பூசின இரும்புக் குழாய்) நல்லதா, பாலை மரம் நல்லதா? எவ்வளவு உயரம், எவ்வளவு ஆழம்? கூரை தேவையில்லை.

பட்டறைக்காரன்:
குழாய்தான். ஆனால் ஒன்றரை இஞ்சி வாங்காதேங்கோ, 2 இஞ்சி மீடியம் (வெளிவிட்டம் 60 மி.மீ., தடிப்பு 3.6 மி.மீ.) வாங்குங்கோ. 6 அடி இடைவெளிக்கு நடுவில் 150 கிலோ தொங்கினால் 2 இஞ்சி 4 மி.மீ. அளவில் தாழும், ஒன்றரை இஞ்சி அதைப்போல இரண்டு மடங்கு. கிடாய் 35, 40 கிலோதான், எதுக்கு 150 எண்டு கேட்பியள். தோலை இழுக்கிற ஆள் தன்ர பாரத்தையும் சேர்த்துத்தான் கீழே இழுப்பார். அதுவும் ஒரே சீராக இல்லை, வெட்டி வெட்டி இழுப்பார்.

குழாய் 6 மீற்றர் நீளத்தில் வரும். ஒன்றைச் சரி பாதியாக அறுத்தால் இரண்டு கால், 3 மீற்றர் படி. கணக்கு இப்படி: கால் நடுகிற கிடங்குக் கொங்கிறீற்றுக்குள் 2 அடி, அதுக்கு மேல் போடுற சீமெந்துத் தளத்துக்குள் 4 இஞ்சி, தளத்துக்கு மேல் ஏழரை அடி. இரண்டாவது குழாயில் 7 அடி குறுக்குக்கு (இரண்டு பக்கமும் அரை அடி வெளியே நிற்கட்டும்), மிச்சத்தில் மூலைக்கு இரண்டு சாய்வுக் கை. மூலையில் இருந்து 18 இஞ்சி கீழே, 18 இஞ்சி உள்ளே, 45 பாகை. ஒரு கை 25 இஞ்சி வரும். இந்தக் கை இல்லாட்டி மூலை வெல்டிங்தான் முதலில் வெடிக்கும்.

காலின் அடியில் 4 இஞ்சிச் சதுர 6 மி.மீ. தகடு ஒட்டி மூடுங்கோ. மேலே குறுக்குக் குழாயின் இரண்டு வாயும் தகடு போட்டு மூட வேணும். வாய் திறந்த குழாய் மாரித் தண்ணீரைக் குடிச்சு உள்ளே இருந்து கறள் பிடிக்கும். வெளியே தெரியேக்கை காரியம் முடிஞ்சிருக்கும்.

வெல்டிங்குக்கு முதல் ஒட்டுற இடத்தில் நாகப் பூச்சை ஒரு இஞ்சிக்கு கிரைண்டரால் எடுக்கச் சொல்லுங்கோ. எடுக்காட்டி ஒட்டு பொத்தல் விடும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசிச்சால் அண்டிரவு காய்ச்சலும் நடுக்கமும் வரும், வெளி இடத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நிண்டு செய்ய வேணும். ஒட்டின இடத்துக்கு நாகம் கலந்த பெயின்ற் இரண்டு கை. வெறும் சில்வர் பெயின்ற் பார்வைக்கு மட்டும்தான்.

முதிரையடி:
பாலையை அப்படித் தள்ள முடியாது. தண்ணீரில் தாழுகிற மரம், 6 இஞ்சிக் கால் போட்டால் குழாய் சுமக்கிறதை எல்லாம் சுமக்கும். பிழைப்பது மண்ணுக்குள் போகிற இடத்தில்தான். நனைந்து காய்ந்து நனைந்து, அந்த அரை அடியில் உளுத்துப்போகும். பட்டைக்கு உள்ளே இருக்கும் வெள்ளை மரத்தைக் கறையான் எடுக்கும். ஆகவே மரத்தைப் புதைக்கக் கூடாது. கொங்கிறீற்றில் யூ வடிவ இரும்புத் தகடு பதித்து, தரையில் இருந்து 2 இஞ்சி தூக்கி, அதற்குள் மரத்தை நிறுத்திக் குறுக்கே 12 மி.மீ. போல்ட் இரண்டு. துளையை முதலே துளைக்க வேண்டும். பாலையில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும்.

ஆனாலும் இந்த வேலைக்கு என் வாக்கும் குழாய்க்கே. இரத்தமும் கொழுப்பும் மர வெடிப்புக்குள் இறங்கினால் கழுவி எடுக்க முடியாது, இலையான் அங்கேயே குடியிருக்கும். வேலிக் கட்டைக்குப் பூசுவதுபோலக் கழிவு ஒயில் பூசவும் முடியாது, இறைச்சி தொங்கும் இடம். தவிர, பாலை, முதிரை எதுவென்றாலும் அனுமதி இல்லாமல் வெட்டி ஏற்ற முடியாது. மரத்தை வெட்டுக் குற்றிக்கு வைத்துக்கொள்ளுங்கள்: புளியங்குற்றி, வேலை முடிந்ததும் உப்புத் தேய்த்துச் சுரண்டி, வெட்டு முகம் நிலத்தில் படாமல் சரித்து வைக்க வேண்டும்.

வடக்குவாய்க்கால்:
வெளிநாட்டு மான் வேட்டைக்காரரின் ஸ்ராண்ட் வீடியோக்களை அப்படியே பார்த்துச் செய்ய வேண்டாம், மூன்று இடத்தில் பிழைக்கும்.

ஒன்று உயரம். அங்குள்ள வெள்ளைவால் மானுக்குப் பத்தடிக்கு மேல் வைப்பார்கள். கிடாய் குதிகாலில் இருந்து மூக்கு வரை நாலரை, ஐந்து அடி. கப்பி, கொளுக்கி, விரிப்புத் தடி (பின்னங்கால் இரண்டையும் விரித்துப் பிடிக்கும் தடி) எல்லாவற்றுக்கும் ஓர் அடிக்குச் சற்றுக் கூட. ஏழரை அடியில் குறுக்கு இருந்தால் தலை தரையில் இருந்து ஓர் அடி மேலே நிற்கும், வாளி வைக்கலாம், ஏணியும் தேவையில்லை.

இரண்டு, தொங்கவிடும் நேரம். அங்கே குளிரில், உறைநிலையை ஒட்டி, இரவிரவாகத் தொங்கவிட்டு இறைச்சியைப் பதப்படுத்துவார்கள். இங்கே பங்குனியில் காலை ஒன்பது மணிக்கே 30 பாகையை நெருங்கும். உரித்து, குடல் எடுத்து, வடிந்ததும் இறக்கிவிட வேண்டும். கூரை வேண்டாம் என்றால் மரத்துக்கு மேற்கே ஸ்ராண்டை வையுங்கள், காலை நிழல் அங்கேதான் விழும். மரத்துக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம், காக்கை எச்சம்.

மூன்று, வாசிக்கிற மற்றவர்களுக்காக: இலங்கையில் புள்ளிமானும் மரையும் பாதுகாக்கப்பட்டவை, 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி வேட்டையே குற்றம். ஸ்ராண்ட் ஆட்டுக்கு மட்டும். பங்கு போட்டுக் காசு வாங்குவதால் பிரதேச சபையிலும் பி.எச்.ஐ.யிடமும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

கனகராயன்கரை:
நன்றி. குழாய் எண்டு முடிவு. தளமும் சேர்த்துப் போட்டால் சீமெந்து எவ்வளவு? கிணறு 70 அடி தூரத்தில் இருக்கு. கை விஞ்ச் (பிடியைச் சுற்றிக் கயிறு இழுக்கிற கருவி) வாங்கவா, கப்பி போதுமா?

பட்டறைக்காரன்:
கப்பி போதும், ஆனால் ஒற்றைக் கப்பி பாரத்தைக் குறைக்காது, திசையைத்தான் மாற்றும். மேலே ஒன்று, கொளுக்கியோடு அசையிற ஒன்று போட்டால் 36 கிலோவை 18, 20 கிலோ இழுவையில் தூக்கலாம். 5 அடி தூக்க 10 அடி கயிறு இழுக்க வேணும், அவ்வளவுதான். விஞ்ச் வாங்கிறதெண்டால் தானாகப் பிடிக்கிற பிரேக் உள்ளதாகப் பாருங்கோ. பல்லுச்சக்கரம் மட்டும் உள்ளதில் இறக்கேக்கை கை தவறினால் பிடி திரும்பி மணிக்கட்டை உடைக்கும்.

12 மி.மீ. நைலோன் கயிறு. மலிவான நீலப் பிளாஸ்ரிக் கயிறு வெயிலில் பொடிஞ்சு போகும், தும்புக் கயிறு இரத்தத்தை உறிஞ்சி நாறும். கயிற்றைக் குழாய்க்கு மேலால் நேரே போடாதேங்கோ, இரண்டும் தேயும். இரண்டு கிடாய் ஒரே நேரத்தில் தொங்க, ஒவ்வொரு காலில் இருந்தும் 2 அடி தள்ளி ஒரு யூ போல்ட், அதில் கப்பி. குழாயில் துளை போட வேண்டாம். விரிப்புத் தடிக்கு 304 ஸ்ரெயின்லெஸ் 12 மி.மீ. கம்பி, 16 இஞ்சி நீளம், இரண்டு முனையும் மேல்நோக்கி வளைச்சு. முனையை ஊசியாகத் தீட்டாமல் மழுக்கிவிடுங்கோ; கூர் முனை குதிகால் நரம்பைக் கிழிச்சு கிடாயைக் கீழே போடும்.

வடக்குவாய்க்கால்:
கிடங்கு இரண்டும் 18 இஞ்சிச் சதுரம், இரண்டரை அடி ஆழம். அடியில் 4 இஞ்சி சல்லி போட்டு இடித்து, மிச்சம் கொங்கிறீற். தளம் 8 அடிக்கு 6 அடி, 4 இஞ்சித் தடிப்பு. 1:2:4 கலவையில் எல்லாம் சேர்த்து 5 மூடை சீமெந்து, 13 கன அடி மணல், முக்கால் இஞ்சிக் கல் கால் கியூப் (25 கன அடி).

தளத்தை அழகுக்குப் போடுவதாக நினைக்க வேண்டாம். தோலை இழுப்பது முன்னும் பின்னுமான திசையில். ஒரே நேர்கோட்டில் நிற்கும் இரண்டு காலுக்கு அந்தத் திசையில் பிடிமானமே இல்லை. மாரியில் மண் இளகியதும் ஸ்ராண்ட் முன்னே சரியும். கால்களைச் சுற்றித் தளம் ஒன்றாக இறுகினால் சரியாது. ஆகவே கிடங்குக் கொங்கிறீற்றின் முகத்தைக் கரடாக விட்டு, 10 மி.மீ. கம்பி நான்கு வெளியே நீட்டி வைத்து, அதன்மேல் தளத்தை ஊற்றுங்கள். காலைச் சுற்றி 2 இஞ்சி உயரத்துக்கு கூம்பாகச் சீமெந்து, தண்ணீர் அங்கே தேங்கக்கூடாது.

சரிவு அடிக்குக் கால் இஞ்சி. 6 அடிக்கு ஒன்றரை இஞ்சி. கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் சரியட்டும். 70 அடி பரவாயில்லை. இரத்தத்தைத் தளத்தில் விடாமல் வாளியில் பிடித்துக் கிளிசரியா மரத்தின் இலைக் குழையோடு பசளைக் கிடங்கில் போடுங்கள். வடிகால் வாயில் கம்பி வலை வைக்காவிட்டால் கொழுப்பு, கழுவிய தண்ணீர் மண்ணில் ஊறிப்போகும் ஊறல் கிடங்கை ஒரே வருசத்தில் அடைத்துவிடும். குடல் கழிவுக்குத் தனிக் கிடங்கு, மேலே 2 அடி மண்ணாவது, இல்லாவிட்டால் இரவில் நரியும் நாயும் தோண்டும்.

கழுவும்போது முதலில் பச்சைத் தண்ணீர். சுடுதண்ணீரை முதலில் ஊற்றினால் இரத்தம் வெந்து சீமெந்தோடு ஒட்டும். பிறகு சவர்க்காரம், பிறகு குளோரின் தூள் கரைசல், பத்து நிமிடத்தில் அதையும் கழுவிவிட வேண்டும், விட்டால் நாகப் பூச்சைத் தின்னும். தோலுக்கு உப்புப் போடுவதை இந்தத் தளத்தில் செய்யாதீர்கள், அதே காரணம்தான்.

பட்டறைக்காரன்:
ஒன்று விட்டுப்போச்சு. சட்டத்தை நிலத்தில் படுக்க வைச்சு முழுசா ஒட்டிப்போட்டு நிமிர்த்துங்கோ. தனித்தனியாக நட்டு மேலே ஏறி நிண்டு ஒட்டினால் இரண்டு காலும் ஒரே நேராக வராது. நிமிர்த்தித் தூக்குக்குண்டு பார்த்து முட்டுக் கொடுத்து மூன்று நாள் அசைக்காதேங்கோ, ஏழு நாள் தண்ணீர் ஊற்றுங்கோ. 14 நாளுக்குப் பிறகு 50 கிலோ மணல் மூடை மூன்றை நடுவில் தொங்கவிட்டு, ஆள் ஒருத்தர் முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டட்டும். காலடிக் கூம்பில் மயிர் வெடிப்பு தெரிஞ்சால் கிடாய் கட்ட வேண்டாம், அதில் தார் ஊற்றி அடைச்சு, பின்பக்கம் ஒரு சாய்வுக் கால் சேர்த்து ஒட்டுங்கோ.