சேலத்திலிருந்து குல்மார்க் வரை: 172 செ.மீ. ஸ்கீ பலகைகளை விமானத்தில் கொண்டுபோவது எப்படி?

ஏற்காட்டு அப்பா | ஜனவரி 8, இரவு 9.40

வணக்கம். காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக நடக்கும் நேரத்தில் எனக்கு வந்து வாய்த்த வேலையைப் பாருங்கள். என் மகள் ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் நகரில் படித்துவிட்டுத் திரும்பியபோது ஒரு ஜோடி ஸ்கீ பலகைகளையும் கொண்டுவந்தாள். ஓர் ஆண்டாக அவை எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. ஏற்காட்டில் பனி என்றால் மூடுபனிதான், அதில் சறுக்க முடியாது என்று சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் சொல்லிச் சிரித்தாயிற்று.

இப்போது பிப்ரவரி முதல் வாரம் தோழிகளோடு குல்மார்க் போகிறாள். சேலம்–பெங்களூரு ஒரு டிக்கெட், பெங்களூரு–டெல்லி–ஸ்ரீநகர் இன்னொரு டிக்கெட். இரண்டும் எடுத்தாகிவிட்டது.

மூட்டை நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். கால் மாட்டும் பைண்டிங்கோடு சேர்த்து ஜோடி 5.8 கிலோ. ஊன்றுகோல்கள் அரை கிலோ. பூட்ஸ் 3.9 கிலோ, அது பூட்ஸ் இல்லை, இரும்புச் சட்டி. பலகையின் நீளம் 172 செ.மீ.

ஐரோப்பாவிலிருந்து வரும்போது யாரும் தனியாகக் காசு கேட்கவில்லை. இங்கே தொலைபேசியில் மூன்று முறை விசாரித்தேன், மூன்று பதில். முதலாமவர் 15 கிலோவுக்குள் இருந்தால் போதும் என்றார். இரண்டாமவர் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 158 செ.மீ. தாண்டக் கூடாது என்றார். மூன்றாமவர் "விமான நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று வைத்துவிட்டார். பலகையை மடிக்கவும் முடியாது, அறுக்கவும் முடியாது. யாராவது அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கம்பு வாத்தியார் | ஜனவரி 8, இரவு 10.15

ஐயா, 172 சென்டிமீட்டருக்கா இந்தக் கவலை! நான் கோலூன்றித் தாண்டும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவன். எங்கள் கம்பு 4 மீட்டருக்கு மேல். ரயிலில் ஏற்றுவதற்குள் டிக்கெட் பரிசோதகர், போர்ட்டர், பக்கத்து இருக்கைக்காரர் என்று மூன்று பேரிடம் கும்பிடு போட வேண்டும். உங்களுக்கு உதவும் பதில் என்னிடம் இல்லை. ஆறுதலுக்குச் சொன்னேன்.

ஐந்துரோடு | ஜனவரி 8, இரவு 10.32

6 அங்குல பி.வி.சி. குழாய் வாங்கி, உள்ளே பலகைகளைப் போட்டு இரண்டு பக்கமும் மூடி போட்டுவிடுங்கள். உடையவே உடையாது.

பழைய லோடர் | ஜனவரி 9, காலை 6.05

ஐந்துரோடு தம்பி சொல்வதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் குழாயே பல கிலோ இருக்கும். 15 கிலோவில் பாதியைக் குழாய்க்கே தாரைவார்க்க வேண்டும். உருண்டு வேறு ஓடும்.

நான் பதினோரு ஆண்டு விமான நிலையத்தில் மூட்டை ஏற்றி இறக்கியவன். முதல் இரண்டு பதில்களும் வேறுபட்டதற்குக் காரணம், இருவரும் இரண்டு வேறு விதிகளைச் சொல்லியிருக்கிறார்கள். தனித்தனியாக இரண்டும் சரி.

ஐரோப்பாவிலிருந்து வரும்போது எண்ணிக்கைக் கணக்கு. ஒரு பெட்டி அல்லது இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ என்பது பரவலான வழக்கம். அங்கே ஸ்கீ பலகை தினமும் பார்க்கும் பொருள், ஒரு பெட்டியாக எண்ணிவிட்டு அனுப்பிவிடுவார்கள். பல நிறுவனங்கள் பலகைப் பையையும் பூட்ஸ் பையையும் சேர்த்தே ஒன்றாக எண்ணும். நம் உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோ. கையில் 7 கிலோ. இது எடைக் கணக்கு.

158 செ.மீ. என்பது அளவு விதி. உங்கள் பை 180 நீளம், 28 அகலம், 14 உயரம் என்று வைத்தால் 222 வருகிறது. விளையாட்டுச் சாமான்களுக்கு இதில் விலக்கு உண்டு. ஆனால் அது தானாக வராது, முன்கூட்டியே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். சிலர் தனிக் கட்டணம் வாங்குவார்கள், சிலர் எடைக்குள் இருந்தால் விட்டுவிடுவார்கள்.

மூன்றாவது, விமானத்தின் வயிறு. இதைத்தான் யாரும் உங்களிடம் கேட்கவில்லை. சேலத்தில், அதாவது ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில், வந்து இறங்குவது ஏ.டி.ஆர். 72 என்ற விசிறி விமானம், எழுபது சொச்சம் இருக்கை. பயணிகள் வால்பக்கப் படியில் ஏறும்போது முன்பக்கம் ஒரு கதவு திறந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். பெட்டிகள் அதன் வழியாகவும் ஏறுகின்றன. பெரிய விமானத்தில் இருப்பதுபோல் அடியில் நீண்ட கிடங்கு கிடையாது. பலகை நுழையாது என்று சொல்லவில்லை. இருக்கை நிரம்பி, எடையும் நிரம்பிய நாளில் முதலில் கீழே நிற்பது நீளச் சாமான்தான். அன்றைக்கு உங்கள் மகள் பெங்களூருவில், பலகை கமலாபுரத்தில்.

இதைவிடப் பெரிய சிக்கல் இரண்டு டிக்கெட். தனித்தனி பி.என்.ஆர். என்றால் பெங்களூருவில் சாமானை வெளியே எடுத்து மறுபடி கவுன்டரில் கொடுக்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே பி.என்.ஆரில் போனால் ஸ்ரீநகர் வரை ஒரே சீட்டு ஒட்டுவார்கள்.

செய்ய வேண்டியது: மின்னஞ்சலில் எழுதுங்கள். நீளம், அகலம், உயரம், எடை, எந்தத் தேதி, எந்த விமானம், எல்லாம் இருக்கட்டும். பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் நிற்கும் பிள்ளை ஸ்கீயைப் பார்ப்பது அதுதான் முதல் முறையாக இருக்கும். வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது.

அம்மாபேட்டை – பெங்களூரு | ஜனவரி 9, பகல் 1.20

நான் இரண்டு முறை குல்மார்க் போயிருக்கிறேன், ஐயா. முதல் முறை பலகையோடு, இரண்டாம் முறை பலகை இல்லாமல். பலகை, கோல் எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் நடத்தும் பயிற்சி என்றால் சாமானை அவர்களே கொடுப்பார்கள். ஆனால் பூட்ஸை மட்டும் வாடகைக்கு நம்பாதீர்கள். அடுத்தவர் காலுக்குப் பழகிய பூட்ஸை மாட்டி நான் மூன்றாம் நாள் நொண்டினேன். பலகையை விட்டுவிட்டுப் போனாலும் பூட்ஸைக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

பூட்ஸைக் கைப்பையில் வையுங்கள். 3.9 கிலோ, தலைக்கவசம், ஒரு செட் துணி, ஏழு கிலோவுக்குள் அடங்கும். சாமான் ஒரு நாள் தாமதமாக வந்தாலும் பலகையை வாடகைக்கு எடுத்துச் சறுக்கலாம். தடித்த ஜாக்கெட்டை உடம்பில் போட்டுக்கொள்ளட்டும். பெங்களூருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஊன்றுகோலைக் கேபினுக்குள் விட மாட்டார்கள். பலகையின் ஓரத்தைத் தீட்டும் அரமும் ஸ்க்ரூடிரைவரும் கீழே போகும் பையில்தான் இருக்க வேண்டும்.

சூடாகும் கையுறை, காலுறை இருக்கிறதா? அதன் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் வைக்க வேண்டும். பவர் பேங்கும் அப்படியே. வரம்பு 100 வாட்-மணி. காலுறை பேட்டரியில் 7.4 வோல்ட், 2.2 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால் பெருக்கிப் பாருங்கள், 16.28 வாட்-மணி, பயமில்லை. பனிச்சரிவில் சிக்கினால் விரியும் காற்றுப்பை முதுகில் மாட்டுவாளா? அதில் அழுத்தப்பட்ட வாயுக் குப்பி இருக்கிறது. ஆளுக்கு ஒன்றுதான், அதுவும் நிறுவனத்தின் அனுமதியோடுதான். பலகைக்குத் தேய்க்கும் மெழுகு கட்டியாக இருந்தால் பரவாயில்லை. தீப்பிடிக்கும் கரைப்பான் கலந்த திரவம் எதுவும் வேண்டாம்.

திரும்பும்போது ஸ்ரீநகர் விமான நிலையத்தில் வெளிவாயிலிலேயே வண்டியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி ஸ்கேன் செய்வார்கள். உள்ளே போனால் மறுபடியும் சோதனை. நீளப்பையைத் திறக்கச் சொல்லவும் கூடும். அதனால் கயிறு போட்டு முடிச்சு மேல் முடிச்சாகக் கட்டிவிடாதீர்கள்.

ஜங்ஷன் வாசி | ஜனவரி 9, மாலை 5.50

யாரும் ரயிலை நினைக்கவில்லையே! வாரம் ஒரு முறை கன்னியாகுமரியிலிருந்து கட்ரா போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் நம் சேலம் ஜங்ஷன் வழியாகத்தான் போகிறது. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் வந்தே பாரத் ஓடுகிறது. மூன்றடுக்கு ஏ.சி.யில் ஆளுக்கு 40 கிலோ இலவசம்.

ஏற்காட்டு அப்பா | ஜனவரி 9, இரவு 8.30

ஜங்ஷன் வாசி ஐயா, மகளிடம் சொன்னேன். மொத்தம் ஆறு நாள்தான் லீவு, போக மூன்று நாள் வர மூன்று நாள், ரயிலிலேயே சறுக்கிக்கொள்கிறேன் என்கிறாள்.

வாடகைக்கு எடு என்றும் சொல்லிப் பார்த்தேன். முதல் சம்பளமாக இன்ஸ்ப்ரூக்கில் ஓட்டலில் பாத்திரம் கழுவிச் சேர்த்த பணத்தில் வாங்கிய பலகையாம். அதற்கு மேல் நான் பேசவில்லை.

பழைய லோடர் ஐயா, உங்கள் சொல்படி மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். இன்னொரு கேள்வி. உடைந்தால், தொலைந்தால்?

பழைய லோடர் | ஜனவரி 10, காலை 5.55

உள்நாட்டுப் பயணத்தில் சாமான் தொலைந்தாலோ சேதமானாலோ நிறுவனத்தின் பொறுப்பு அதிகபட்சம் 20,000 ரூபாய். கவுன்டரில் "லிமிடெட் ரிலீஸ்" என்று அச்சிட்ட சீட்டில் கையெழுத்து கேட்பார்கள். சாமான் சரியாகக் கட்டப்படவில்லை, சேதமானால் எங்களைக் கேட்காதே என்பதுதான் அதன் பொருள். நன்றாகக் கட்டியிருந்தால் அதைப் படித்துப் பார்த்து, எதற்காக என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். கொடுக்கும் முன் பையைத் திறந்தபடி ஒரு படம், மூடியபடி ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும். சேதம் தெரிந்தால் அந்தக் கூடத்தை விட்டு வெளியே வரும் முன்பே புகார்ச் சீட்டு எழுதி வாங்க வேண்டும், பி.ஐ.ஆர். என்று கேட்டால் தெரியும். வெளியே வந்து டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனால் கதை மாறிவிடும்.

கட்டும் முறை: இரண்டு பலகைகளின் அடிப்பக்கமும் ஒன்றையொன்று பார்க்கட்டும், நடுவில் ஒரு துணி. இரண்டு நுனிக்கும் சாக்கு சுற்றுங்கள், ஏற்காட்டில் காப்பிச் சாக்குக்கா பஞ்சம்? அடி வாங்குவது நுனியும் பைண்டிங்கும்தான். பைண்டிங்கைச் சுற்றி ஸ்வெட்டர், கம்பளித் துணி. "உடையும் பொருள்" ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். மழை நாளில் அவசரமாக ஏற்றும்போது நான் எத்தனை ஸ்டிக்கரைப் படித்திருப்பேன் என்று எனக்கே தெரியும்.

ஏற்காட்டு அப்பா | ஜனவரி 19, இரவு 9.10

எழுத்தில் பதில் வந்துவிட்டது. பெங்களூருவிலிருந்து ஸ்ரீநகர் வரை 15 கிலோவுக்குள் ஒரே பையாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்களாம். சேலத்துச் சிறு விமானத்துக்கு மட்டும் "அன்றைய இடவசதியைப் பொறுத்து" என்று எழுதியிருக்கிறார்கள். லோடர் ஐயா சொன்னது அப்படியே. அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டோம், பாதிப் பணம் போயிற்று. பெங்களூருவுக்கு இரவு பஸ். டிக்கியில் பலகை குறுக்கே படுத்துக்கொள்ளும் என்று நடத்துனரிடம் கேட்டு உறுதி செய்தாகிவிட்டது.

பை கதை தனி. ஸ்கீ பை கடையில் கேட்டால் கிரிக்கெட் பையைக் காட்டுகிறார்கள். கடைசியில் சங்ககிரி போகும் சாலையில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் ஒருவரிடம் போனேன். பலகையைத் தரையில் படுக்கவைத்து, சுண்ணக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டார். நுனி வளைந்திருப்பதைப் பார்த்து, "இது எந்த வண்டியின் பம்பர்?" என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை. நுனிப் பக்கம் இரட்டைத் துணி கொடுத்து, தூக்குவதற்கு இரண்டு வார், தோளில் மாட்ட ஒன்று, நீளவாக்கில் ஜிப் வைத்துத் தைத்துக் கொடுத்தார். வெறும் பை 1.6 கிலோ. பலகை, கோல், ஆறு கிலோ துணி எல்லாம் வைத்து 13.9 வருகிறது. எங்கள் தராசு 100 கிராமுக்குக் கீழே காட்டாது, அதனால் ஒரு கிலோ மிச்சம் விட்டிருக்கிறேன்.

அம்மாபேட்டை – பெங்களூரு | ஜனவரி 19, இரவு 10.02

திரும்பும்போது அந்த ஒரு கிலோ தேவைப்படும், ஐயா. துணியும் பையும் ஈரமாக இருக்கும். கிளம்பும் முன் இரவு ஹீட்டர் பக்கத்தில் உலர்த்தச் சொல்லுங்கள். கூடுதல் எடை வாங்க வேண்டியிருந்தால் முந்தைய நாளே இணையத்தில் வாங்கிவிடட்டும். கவுன்டரில் கிலோவுக்கு அதைவிட அதிகம்.

ஏற்காட்டு அப்பா | பிப்ரவரி 11, காலை 7.15

போய் வந்துவிட்டாள். பெங்களூருவில் கவுன்டர்ப் பெண் மேலாளரைக் கூப்பிட்டார், மேலாளர் மின்னஞ்சல் அச்சைப் படித்தார், ஐந்து நிமிடத்தில் சீட்டு ஒட்டியாயிற்று. வழக்கமான பெல்ட்டில் போகாது என்று நீளச் சாமான்களுக்கான இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்களாம். ஸ்ரீநகரில் பெல்ட் மூன்று சுற்றுச் சுற்றியும் பை வரவில்லை. இவள் புகார்ச் சீட்டு கேட்கப் போகும்போது பக்கக் கதவு திறந்து ஒருவர் தோளில் சுமந்து வந்தாராம். இதையும் யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்!

திரும்பும்போது 14.8 கிலோ. ஹீட்டர் யோசனைக்கு நன்றி. வீட்டுக்கு வந்து பார்த்தால் பலகையின் எஃகு ஓரத்தில் லேசாகத் துரு. துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி பரணில் ஏற்றிவிட்டேன்.

கம்பு வாத்தியார் | பிப்ரவரி 11, காலை 8.00

மகிழ்ச்சி ஐயா. அந்தத் தார்ப்பாய்க்காரரின் இடம் சொல்ல முடியுமா? எங்கள் கம்புகளுக்கும் ஓர் உறை வேண்டும்.

ஏற்காட்டு அப்பா | பிப்ரவரி 11, காலை 8.20

தனிச்செய்தியில் வழி அனுப்புகிறேன். ஸ்கீ பை என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. பம்பர் பை என்று சொல்லுங்கள்.